அனுமோதனை எனும் அறம்



உயிர் தன் வினையைத் தானே ஈட்டித் தானே துய்க்கின்றது என்பது நம் சமயத்தின் அடிப்படைக் கொள்கை. தந்தை செய்த வினை மைந்தனைச் சாராது. மைந்தன் இடும் பிண்டம் தந்தையைச் சென்றடையாது. உடலை விட்டு நீங்கிய உயிர் இடைவழியில் எங்கும் காத்துக் கிடப்பதில்லை. கண்ணிமைப் பொழுதினும் மிக நுண்ணியதான ‘சமயம்’ எனும் கால அளவு நான்கிற்கு மேற்படாமல், தனக்குரிய அடுத்த பிறவியை அது அடைந்துவிடும் என்று ஆகமங்கள் கூறுகின்றன. ஆகவே நாம் இடும் சோறும் நீரும் அதற்கு வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின், மறைந்த பெரியோரை நினைப்பதால் யாருக்கு என்ன பயன்? எனக்குப் பேரன் முறையாகும் ஓர் இளைஞன் இவ்வினாவைக் கேட்டான். என் பாட்டனாரின் நினைவு நாளுக்கென ஆளுயரப் படமும், வண்ண அழைப்பிதழும், மாலைகளும், விருந்தும் ஏற்பாடாகி வந்த வேளை அது. "அவருக்குப் போய்ச் சேராதென்றால் இவ்வளவும் யாருக்காக?" என்றான். பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தனர். பாட்டனார் அங்கிருந்தால் அவனைத் தட்டிக் கொடுத்திருப்பார் என்றே எனக்குத் தோன்றிற்று. அவனுக்கு விடை கூறுவதே இன்றைய உரையின் நோக்கம்.

வினை நம்மை வந்து பற்றும் வாயில்களை உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் இயலில் வகுத்துக் காட்டுகின்றார். ஒரு செயலை எண்ணுதல், அதற்குரிய கருவிகளைத் திரட்டுதல், தொடங்கிச் செய்தல் என மூன்று நிலைகள். அவை மனம், மொழி, மெய் ஆகிய மூன்றாலும் நிகழும். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என மீண்டும் மூன்று. இவற்றின் பின்னே வெகுளி, செருக்கு, வஞ்சனை, பேராசை என்னும் நான்கு கஷாயங்களுள் ஏதேனும் ஒன்று நிற்கும். பெருக்கிப் பார்த்தால் 108 வரும். நாம் உருட்டும் ஜபமாலையின் 108 மணிகளும் இக்கணக்கையே நினைவூட்டுவன என்று பெரியோர் கூறுவர்.

இவற்றுள் உடன்படுதலையே அனுமோதனை என்கின்றோம். ஒருவன் செய்த கொலையைக் கண்டு ‘நன்று செய்தான்’ என உள்ளுக்குள் மகிழ்பவன், கத்தியைத் தொடாதவனாயினும் வினையில் சிக்கியவனே. அதுபோலப் பிறர் செய்த அறத்தைக் கண்டு உள்ளம் உவந்து உடன்படுபவனுக்கும் நல்வினை உண்டு. ஈண்டு ஒன்றைக் கருத்தில் இருத்த வேண்டும். பாட்டனாரின் புண்ணியம் சொத்துப்போல் நமக்கு இறங்கி வருவதில்லை. அவர் செய்ததை நாம் மனமார ஏற்கும்போது அந்த ஏற்பு நம்முடைய சொந்த வினையாகின்றது.

ஆதிபுராணத்தில் இதற்கு அழகியதோர் எடுத்துக்காட்டு உண்டு. விருஷபதேவர் தம் முற்பிறவிகளுள் ஒன்றில் வஜ்ரஜங்கன் என்னும் அரசராக இருந்தார். அவரும் தேவி ஸ்ரீமதியும் கானகத்தில் தங்கியிருந்தபோது இரு முனிவர்க்கு ஆகார தானம் அளித்தனர். அங்கே ஒரு புலியும், பன்றியும், குரங்கும், கீரியும் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றால் கொடுக்க இயலாது, கொடுப்பிக்கவும் இயலாது. பார்த்து உவந்தன, அவ்வளவே. அந்த உவப்பின் பயனாகப் போகபூமியில் பிறந்து, பின் படிப்படியாக உயர்ந்து, இறுதியில் விருஷபதேவரின் மைந்தர்களாகவே தோன்றின. சிறு பிள்ளைகளாய்ப் பாட்டனாரின் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த எங்களுக்கு அந்தக் கீரியின் கதை எப்போதும் பெரும் ஆறுதல்!

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் இம்மூன்றும் நூலில் மட்டும் இருப்பவை அல்ல. நம் மலைகளிலும் எழுதப்பட்டுள்ளன. பழனியிலிருந்து கொழுமம் செல்லும் வழியில் பாப்பம்பட்டிக்கு அருகே ஐவர்மலை நிற்கின்றது. பாண்டவர் ஐவரும் தங்கிய மலை என்று ஊரார் கூறுவர். கல்வெட்டு அதனைத் திருவயிரை என்று குறிப்பிடுகின்றது. மேலே இயற்கையாய் அமைந்த நீண்ட குகைத்தளத்தின் நெற்றிப் பாறையில் 16 திருமேனிகள் வரிசையாகப் புடைப்புருவில் வீற்றிருக்கின்றன. அங்குள்ள கல்வெட்டுகளுள் ஒன்று சகம் 792, அதாவது கி.பி. 870இல் பொறிக்கப்பட்டது, அது வரகுண பாண்டியனின் 8ஆம் ஆட்சியாண்டு. அவன் 862இல் முடிசூடினான் என்று வரலாற்றறிஞர் கணக்கிட்டது இக்கல்வெட்டைக் கொண்டுதான். பாண்டிய நாட்டு வரலாற்றுக்கே நம் சமயத்தார் ஒருவரின் தருமம் கைவிளக்காய் அமைந்தது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

அது கூறும் செய்தி இது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர், திருவயிரையில் பார்சுவ படாரரையும் இயக்கியரையும் புதுக்கினார்; இரு திருமேனிகளுக்கும் முட்டாமல் திருவமுது நடைபெறவும், ஓர் அடிகளுக்குச் சோறு அளிக்கவும் 505 காணம் பொன் அமைத்தார். அவர் அத்திருமேனிகளைப் புதிதாகப் படைத்ததாகக் கல்வெட்டு சொல்லவில்லை. புதுக்கினார் என்றே சொல்கின்றது. அவருக்கு முன்னே வேறொருவர் செய்துவைத்தது அது. தம் பெயரைச் சொல்லுமுன் ஆசிரியரின் பெயரைச் சொல்கின்றார். நூறு பேருக்கு, ஆயிரம் பேருக்கு என்னாமல் ‘ஓர் அடிகளுக்கு’ என்று அளவாகச் சொல்கின்றார்.

அதே மலையில் அச்சணந்தி அடிகளின் பெயரும் உண்டு. பாண்டிய நாட்டு மலைகள் பலவற்றில் திருமேனிகள் செய்வித்த பெருந்தகை அவர். மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலையில், அவருடைய தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி ஒன்று இருப்பதைக் கல்வெட்டு காட்டுகின்றது. மகன் துறந்து போனான். தாய் அழுது தடுக்கவில்லை என்பதை அந்தக் கல்லே சொல்கின்றது. அவன் சென்ற நெறிக்கு உடன்பட்டாள்; உடன்பட்டதோடு நில்லாமல் தானும் ஒரு திருமேனி செய்வித்தாள். குடும்பமும் துறவும் பகையல்ல என்பதற்கு இதனினும் சுருக்கமான சான்று வேண்டுமோ?

இனி என் பாட்டனாரைப் பற்றிக் கூறுகின்றேன். செஞ்சிப் பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். ஆசிரியப் பணியின் பொருட்டுப் பழனிப் பக்கம் வந்து, பழனிக்குக் கிழக்கே திண்டுக்கல் சாலையில் உள்ள ஆயக்குடியில் குடியேறினார். அன்று இப்பகுதி மதுரை மாவட்டம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான். சுற்றுமுற்றும் நம்மவர் வீடு ஒன்றும் இல்லை. ஜினாலயம் இல்லை. பெண் கொடுக்கவும் எடுக்கவும், நோன்பு நாளில் நாலு பேராகக் கூடவும், வடக்கே செஞ்சி, வந்தவாசி வரை போக வேண்டும். முருகப் பெருமானின் பேரூருக்கு அருகே, எல்லாரும் ‘சாமி சாமி’ என்று நடந்து போகும் சாலையோரத்தில், அருகனை மட்டும் தொழும் ஒரு வீடு. அந்தத் தனிமை எளிதன்று.

அவர் அத்தனிமையை எவரோடும் மோதிக் கழிக்கவில்லை. அண்டை வீட்டார் மலைக்குப் போய் வந்து பஞ்சாமிர்தம் கொண்டுவந்து தருவர். அதில் தேன் உண்டு. தேன் நமக்கு விலக்கு. அவர் இரு கைகளாலும் வாங்கிக்கொள்வார்; உண்ணமாட்டார்; அடுத்த வீட்டுப் பிள்ளைகளை அழைத்துக் கொடுத்துவிடுவார். இதுவும் ‘செய்வித்தல்’ ஆகாதோ என்று நம் பண்டிதர்கள் கேட்கலாம். கேட்கட்டும். கொடுத்தவர் மனம் நோகாமலும், தம் விரதம் கெடாமலும் காக்க அவருக்குத் தெரிந்த வழி அது.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் முன்னரே திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பாதயாத்திரைக் கூட்டம் வரத் தொடங்கிவிடும். பாட்டனார் வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுத் தண்ணீர் வைப்பார். தண்ணீர்ப் பந்தல் பலரும் வைப்பதுதான். அவர் வைத்த விதத்தைத்தான் சொல்ல வேண்டும். கொய்யாத் தோப்புக் கிணற்றிலிருந்து தாமே இறைப்பார். தடித்த வெள்ளைத் துணியை இரண்டாக மடித்து அண்டாவின் வாயில் கட்டி நீரை வடிப்பார். வடித்த பின், துணியின் மேற்புறத்தில் தங்கிய நுண்ணுயிர்களை வடித்த நீராலேயே அலசி ஒரு வாளியில் சேர்த்து, அவ்வாளியைக் கயிற்றால் கிணற்று நீர்மட்டம் வரை இறக்கி, அங்கே மெல்லக் கவிழ்ப்பார். மேலிருந்து கொட்டமாட்டார்; விழும் வேகத்தில் அவை மாயும் என்பார். எந்தக் கிணற்று நீரோ அந்தக் கிணற்றுக்கே அவ்வுயிர்கள் திரும்ப வேண்டும். வேறு நீரில் விட்டால் பிழைக்கமாட்டா என்பது நம் முன்னோர் கண்ட நெறி. வடித்த நீர் இரு நாழிகைக்கு, அதாவது 48 நிமிடத்துக்குத்தான் தகும். பின் மீண்டும் வடிக்க வேண்டும். அதற்காக ஒரு பழைய மேசைக் கடிகாரத்தைப் பந்தற்காலுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். சாலையில் வருவோர் குடித்துவிட்டு, "வாத்தியார் ஐயா வீட்டுத் தண்ணி மட்டும் ஏனோ இனிக்குது" என்று சொல்லிப் போவர். அந்தத் தோப்புக் கிணறே நல்ல நீர்க் கிணறு என்பது வேறு செய்தி.

தண்ணீர் கொடுத்தார், பகலில் நீர்மோரும் கொடுத்தார். இரவில் உணவு மட்டும் கொடுக்கமாட்டார். கதிரவன் மறைந்த பின் உண்ணாமை அவருக்கு உயிரினும் மேலான விரதம். தான் உண்ணாதது மட்டுமன்று. பிறரை உண்ணச் செய்தாலும் அது செய்வித்தலாகும், உண்பதைக் கண்டு மகிழ்ந்தால் உடன்பாடாகும் என்று கருதினார். யாத்திரிகரோ வெயிலுக்கு அஞ்சி இரவிலேதான் பெரும்பாலும் நடப்பர். நள்ளிரவில் கால் வீங்கி, பசியோடு, கைக்குழந்தையோடு வந்து திண்ணையில் சாயும் தாய்மாரைப் பாட்டியாரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இருவருக்கும் இடையே பேச்சு வளர்ந்தது. பாட்டியார் எழுத்தறிவு அதிகம் இல்லாதவர். ஆனால் பஞ்ச நமஸ்காரத்தை ஒரு நாளும் விட்டறியாதவர். "பசிச்ச வயித்துக்கு ராத்திரி பகல் தெரியுமா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாராம். மறுநாள் பொழுது சாய்வதற்குள் புளிச்சோறு கிளறி, வாழையிலையில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டித் திண்ணையில் அடுக்கிவிட்டார். இரவில் வருவோரிடம், "சாமி, இந்தாங்க" என்று நீட்டினார். வாங்கியவர்கள், "ஆத்தா, நல்லா இருக்கணும்" என்று வாழ்த்திப் போயினர்.

பாட்டனார் தடுக்கவில்லை, புகழவுமில்லை. உள்ளே சென்று சாமாயிகத்தில் அமர்ந்துவிட்டார். இப்படியே சில ஆண்டுகள் கழிந்தன.

யார் செய்தது சரி? இன்றும் இவ்வீட்டில் இருவர் கூடினால் இவ்விவாதம் எழுவதுண்டு. என் கருத்தைக் கூறுகின்றேன். விரதம் என்பது அதனை மேற்கொண்டவனைக் கட்டுவது; மேற்கொள்ளாத வழிப்போக்கனை அது கட்டாது. ஆகாரம், மருந்து, நூல், அபயம் என நம் நூல்கள் கூறும் நால்வகைத் தானங்களில் தகுதியுடையோர்க்குப் பக்தியால் கொடுப்பது ஒன்று. துன்புறுவோர்க்குத் தகுதி பாராது கருணையால் கொடுப்பது மற்றொன்று. பாட்டியார் செய்தது இரண்டாவது. சமைத்ததும் பகற்பொழுதில். ஆதலின் நான் பாட்டியார் பக்கமே நிற்கின்றேன். ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். பிற்காலத்தில், தைப்பூச நாட்களில் மாலை நான்கு மணிக்குத் தோப்புப் பக்கம் போய்ப் பொட்டலம் கட்ட வாழையிலை அறுத்துக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் அடுக்களை வாயிலில் வைத்துவிட்டுப் போவது பாட்டனாரின் வழக்கமாகிவிட்டது. அது உடன்பாடா, அன்றா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பள்ளியில் அவர் செய்ததும் சிறிது கூற வேண்டும். 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியபோது, ஊர் மக்களும் பொருள் கொடுத்து உதவ வேண்டியிருந்தது. பாட்டனார் தம் சம்பளத்தில் ஒரு பிள்ளையின் உணவுக்கு ஆகும் தொகையை மாதந்தோறும் ஒதுக்கினார். ஓய்வு பெற்ற பின்னும் ஆண்டுக்கு ஒரு மாணவனின் படிப்புச் செலவை ஏற்றார். ஏன் ஒரே ஒருவன் என்று கேட்டவர்க்கு, ஐவர்மலைக் கல்வெட்டில் ஓர் அடிகள்தானே என்று சிரித்தபடி மறுமொழி சொல்வார். பத்துப் பேருக்கு என்று தொடங்கி ஆறாம் மாதத்தில் கைவிடுவதினும், ஒருவனுக்கு என்று தொடங்கி முட்டாமல் நடத்துவது மேல் என்பது அவர் எண்ணம்.

அவருடைய இளமைக் காலத்தில், ஜீவபந்து டி.எஸ். ஸ்ரீபால் அவர்கள் சிறுதெய்வக் கோயில்களில் உயிர்ப்பலியை நிறுத்தவேண்டிப் பரப்புரை செய்துவந்தார். பாட்டனார் அவரைப் பெரிதும் போற்றினார். 1950இல் பலித் தடைச் சட்டம் வந்தது. 2004இல் அது நீக்கவும் பட்டது. சட்டம் இருந்த காலத்திலும் பாட்டனார் அதைக் காட்டி எவரையும் மிரட்டியதில்லை. கோயில் கொடை நடக்கும் நாளுக்கு முன் தம் பழைய மாணவர்களின் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்து பேசுவார். இரண்டொரு குடும்பம் நிறுத்தியது. பெரும்பாலோர் நிறுத்தவில்லை. அவர் அடுத்த ஆண்டும் போய் அமர்வார்.

இனி நினைவு மலருக்காகக் குறிப்புகள் திரட்டியபோது சிலர் விட்டுவிடச் சொன்ன ஒரு செய்திக்கு வருகின்றேன். பணியின் தொடக்க ஆண்டுகளில் பாட்டனார் பிரம்பு எடுத்த ஆசிரியர். கடுமையாக அடிப்பார். ஒருமுறை ஒரு மாணவனை அடித்ததில் அவன் பள்ளியை விட்டே நின்றுவிட்டான். மாடு மேய்க்கப் போய்விட்டான். எறும்புக்கும் அஞ்சி நீர் வடித்தவர், மனிதக் குழந்தையின் உள்ளங்கையை வீங்கச் செய்தார். இதை மறைப்பதால் என்ன பயன்? பின்னொரு நாள், பர்வ நோன்பு முடிந்து எல்லா உயிரிடத்தும் பொறுத்தல் வேண்டும் நாளில், பிரதிக்கிரமணம் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்தாராம். பக்கத்து ஊருக்கு நடந்தே போய், அப்போது இளைஞனாக வளர்ந்துவிட்ட அந்த மாணவனின் வீட்டு முற்றத்தில் நின்று கைகூப்பினார். அவன் பதறிப்போனான். அன்று முதல் பிரம்பு தொடுவதில்லை என்று விரதம் ஏற்றார். பணி முடியும் வரை தொடவில்லை.

இச்செய்தியை விட்டுவிட்டு அவரைப் புகழ்ந்தால், அவர் செய்த பிழைக்கு நாம் மெளனமாக உடன்பட்டவர் ஆவோம். அனுமோதனை இருமுனைக் கத்தி அன்றோ? முன்னோர் செய்தது அனைத்தும் நன்று என்று கண்ணை மூடிக்கொண்டு போற்றுகின்ற குடும்பம், அவர்களுடைய அறத்தோடு அவர்களுடைய வெகுளியையும் செருக்கையும் தன் கணக்கில் எழுதிக்கொள்கின்றது. எதற்கு உடன்படுகின்றோம், எதற்கு உடன்படவில்லை என்று பிரித்துப் பார்த்து நினைப்பதே நினைவு. நான் பிரம்புக்கு உடன்படவில்லை. அந்த முற்றத்தில் கூப்பிய கைகளுக்கு உடன்படுகின்றேன்.

அவருடைய குறிப்பேடு ஒன்று இன்னும் இவ்வீட்டில் உள்ளது. பொருள் வரையறை விரதத்தை ஏற்றபோது எழுதியது. ஒரு வீடு, நான்கு ஏக்கர் நிலம், கிணற்றில் பாதிப் பங்கு, இவ்வளவு பொன், இத்தனை வேட்டி என்று வரிசையாக வரம்பு கட்டியுள்ளார். வரம்பைத் தாண்டி வந்தவற்றைக் கொடுத்த கணக்கும் பின்பக்கங்களில் உண்டு. இந்தக் குறிப்பேட்டைக் கண்ணாடிப் பேழையில் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். எங்களுள் சிலர் இன்று அந்த வரம்பைப் போலப் பத்து மடங்கு உடையவர்கள். விரதம் வாரிசுரிமையாக வருவதன்று. அவர் கட்டிய வரம்பு என்னைக் கட்டாது. ஆனால் ‘என் பாட்டனார் எவ்வளவு எளிமையாக வாழ்ந்தார்!’ என்று மேடையில் சொல்லும்போது, நான் என் பெயரில் ஒரு வரம்பும் எழுதவில்லையென்றால், என் வாய் உடன்படுகின்றது, மனம் உடன்படவில்லை என்பதே பொருள். மனம் உடன்படாத அனுமோதனையால் யாதொரு பயனும் இல்லை. ஒரு குயர் நோட்டு வாங்குவதற்கு அதிகச் செலவில்லை.

குடும்பத்தைப் பற்றியும் ஒரு சொல். எல்லா வீடுகளிலும் நடப்பதே எங்கள் வீட்டிலும் நடந்தது. கிணற்றுப் பங்கு காரணமாக என் தந்தையாருக்கும் சிறிய தந்தையாருக்கும் பேச்சு நின்றுபோனது. பாட்டனார் இருவரையும் அழைத்துக்கொண்டு ஐவர்மலைக்கு ஏறினார். பார்சுவநாதர் திருமுன் அமர்த்தி, கமடன், மருபூதி கதையைச் சொன்னார். அவ்விருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தன்னை நாடி மன்னிப்பு வேண்டி வந்த தம்பியின் தலையில் அண்ணன் கல்லைப் போட்டான். அப்பகை பத்துப் பிறவிகள் தொடர்ந்தது. பாம்பாகவும் யானையாகவும் வேடனாகவும் முனிவராகவும் மாறி மாறிப் பிறந்தும் அது தீரவில்லை. இறுதியில் தவத்தில் நின்ற பார்சுவர்மேல் கல்மாரியும் பெருமழையும் பெய்த நாளில்தான், ஒரு பக்கம் முற்றிலும் பகையற்றுப் போனதால், அது ஓய்ந்தது. தரணேந்திரன் குடைபிடித்த அந்தத் திருக்கோலமே பாறையில் நமக்கு முன் நிற்பது. "பத்துப் பிறவிக்கு ஒரு கிணறு போதுமா?" என்று மட்டும் கேட்டாராம் பாட்டனார்.

மலையை விட்டு இறங்கும்போது என் தந்தையார் பேசிவிட்டார். சிறிய தந்தையார் மேலும் இரண்டு ஆண்டு பேசவில்லை. உண்மையில் நடந்தது இவ்வளவே. பாட்டனார் வற்புறுத்தவில்லை, பகை ஓய ஒரு பக்கம் ஓய்ந்தால் போதும் என்பதுதானே அந்தக் கதை.

முதுமையில் அவர் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டார். முதலில் இனிப்பு, பின் நெய், பின் ஒரு வேளை உணவு. முறைப்படி சல்லேகனை ஏற்க அவர் விரும்பியதுண்டு. தவிர்க்க இயலாத இடையூறு, பஞ்சம், மூப்பு, தீரா நோய் என்னும் நிலைகளில் ஏற்பதற்குரியது அது என்று சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் கூறியுள்ளார். நம் அருங்கலச்செப்பும் அவ்வழியே செல்கின்றது. 2015 ஆகஸ்டில் இராசத்தான் உயர்நீதிமன்றம் சந்தாரா நோன்பைக் குற்றம் என்று தீர்ப்பளித்ததும், அதே மாதம் உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்ததும் நீங்கள் அறிந்ததே. பாட்டனார் அதற்கெல்லாம் மிக முற்பட்டவர். அருகில் இசைவு தரக் குரு எவரும் இலர்; பாட்டியாரும் கலங்கினார். ஆகவே அவர் பெரு விரதமாக ஏற்காமல், எல்லாரிடமும் பொறுத்தருள வேண்டி, நமஸ்கார மந்திரத்தைக் கேட்டவாறே அமைதியாக இருந்தார். ஒரு விடியலில் உயிர் நீங்கிற்று.

அவர் பிறந்த செஞ்சிப் பகுதியில் திருநாதர்குன்று உள்ளது. 24 தீர்த்தங்கரரும் ஒரே பாறையில் அமர்ந்த இடம். அங்கே சந்திரணந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு மிகப் பழமையானது. 57 நாள் உண்ணாநோன்பு இருந்தார் என்றும், அவருடைய நிசீதிகை என்றும் மட்டுமே அது சொல்கின்றது. எந்த ஊரார், எவ்வளவு செல்வர், எத்தனை பேருக்குத் தலைவர் என்று ஒரு சொல்லும் இல்லை. அவர் எதை நோற்றார், எத்தனை நாள் நோற்றார் என்பது மட்டும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுபோல் கல்லில் நிற்கின்றது. ஆளுயரப் படம் வைக்க விரும்புவோர் ஒருமுறை அக்குன்றுக்குப் போய் வரலாம்.

இறுதியாக, இவ்வாண்டுத் தைப்பூசப் பந்தலைப் பற்றி. தோப்பு மனைகளாகப் பிரிந்துவிட்டது. இப்போது எல்லார் வீட்டிலும் ஆழ்துளைக் குழாய். குழாய் நீரை வடிக்கலாம். வடித்த துணியில் தங்கிய உயிர்களை எங்கே திரும்ப விடுவது? ஆழத்துக்கு வாளி இறங்காது. நெகிழிப் பைகளில் அடைத்த நீரை வாங்கி அடுக்கிவிடலாம் என்றும் சிலர் சொன்னார்கள். பந்தல் பொறுப்பை ஏற்றிருக்கும் என் மருமகள் ஊரெல்லாம் விசாரித்து, மூன்று தெரு தள்ளி இன்னும் தூர்க்கப்படாத திறந்த கிணறு ஒன்றைக் கண்டுபிடித்துள்ளாள். கிணற்றுக்கு உரியவர் இசைந்துவிட்டார். கயிறு புதிதாக வாங்க வேண்டும். பழைய மேசைக் கடிகாரம் பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டுள்ளது. நீர் சுமக்க இருவரும், மாலையில் பொட்டலம் கட்ட நால்வரும் தேவைப்படுகின்றனர். வர விரும்புவோர் உரை முடிந்தபின் அவளிடம் பெயர் கொடுக்கலாம்.